மட்டம்

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே
ஒரு பெட்டி
குனிந்தபடி ஒரே கேள்வியைக் கேட்கிறது
நொடிக்கு இரண்டாயிரம் தடவை:
எவ்வளவு தூரம்?

கடல் பதில் சொல்கிறது.
போய்த் திரும்ப ஒன்பது மில்லிநொடி.
அந்தப் பதிலைச் சுத்தம் செய்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்,
கெலுகோரில், மூன்றாவது மாடியில்,
குளிர்சாதனம் சொட்டுமிடத்தில் வாளி வைத்த அறையில்.

நடுக்கடல் நல்ல பிள்ளை.
அதன் எதிரொலி விருட்டென்று ஏறி
மெல்லச் சரியும். தொந்தரவில்லை.
தீவை நெருங்க நெருங்கத்தான்
ஆளாளுக்குக் குறுக்கே பேசுவார்கள்:
பாலத்தின் கம்பிகள்,
தகரக் கூரைகள்,
தஞ்சோங் தோக்கோங்கில் கடலில் கொட்டிய புதுமண்.
கடல் என்ன சொன்னதென்று கேட்கவே முடியாது.

ஆகவே கரையிலிருந்து பத்து கிலோமீட்டரை
'நம்பத்தகாதது' என்று நீக்கிவிடுகிறேன்.
நான் குடியிருப்பதும்
கடன் வாங்கியதும்
மணவிலக்குத் தாளில் கையெழுத்திட்டதும்
அந்தப் பத்துக்குள்தான்.

அலையே இல்லாமல் கண்ணாடியாய்க் கிடந்தாலும் ஆகாது.
எதிரொலிக்குக் கண் கூசும்.
அதற்கும் ஒரு பிழைக்குறி எழுதியிருக்கிறேன்,
நானே, ஒரு வெள்ளிக்கிழமை மதியம்.

பத்து மாவுங்கிலிருந்து ரோஸ்லானின் படகில்
மஞ்சள் மிதவையோடு கிளம்பினோம்.
விடியற்காலை மூன்று பன்னிரண்டுக்கு
பெட்டி எங்கள் தலைக்கு மேலே போகும்.
அதே நொடியில் மிதவையும் உயரம் சொல்லும்.
இரண்டும் ஒத்துப்போகிறதா பார்க்கவேண்டும்.

'உயரம் என்றால் எதிலிருந்து?' என்றார்
பொட்டலம் பிரித்துக்கொண்டே.

நல்ல கேள்வி. பலர் கேட்பதில்லை.
பூமியை வழவழப்பான முட்டையாய் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
அதிலிருந்து.
அப்படி அளந்தால் கடல் மேடும் பள்ளமும்.
இலங்கைக்குத் தெற்கே நூறு மீட்டர் குழி.
நாகப்பட்டினத்துக் கடல்
இந்தக் கடலைவிட எழுபது மீட்டருக்கு மேல் தாழ்வு.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அப்படியானால் அந்தக் கப்பல்கள்
மேடேறி வந்திருக்கின்றன.
ஒரு கரண்டி நிலக்கரி கூடுதலாய் எரியவில்லை.
யாருக்கும் மூச்சிரைக்கவில்லை.
பூமி இழுக்கிற இழுப்புக்குப் படுத்துக்கிடக்கும் நீரில்
ரசமட்டத்தின் குமிழி
அங்கேயும் நடுவில், இங்கேயும் நடுவில்.
ஏறியவர்களுக்கே தெரியாத ஏற்றம்.
இருபத்தைந்து மாடி உயரம் ஏறி வந்தவர்களைத்தான்
துறைமுகத்தில் வரிசையாய்
குந்தச் சொன்னார்கள்.

ரோஸ்லான் விரலை நக்கிக்கொண்டார்.
'சரி, கூடுதா?'

வருஷத்துக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
ஒட்டாமல் ஒட்டிக் காட்டினேன்.

'எங்கள் ஜெட்டியில் ஒரு முழம்.'

அது ஜெட்டி சேற்றில் இறங்குவதாயிருக்கும்.
கடல் ஏறுவது வேறு, நிலம் இறங்குவது வேறு,
பிரித்துப் பார்க்கவேண்டும் என்றேன்.

'பிரித்துக்கொள்.
எதுவானாலும் நனைவது என் கால்.'

மூன்று பன்னிரண்டு.
ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது.
மேகத்துக்கு மேலே அது போய்விட்டது.
பட்டர்வொர்த் விளக்குகள் நடுங்காமல்
நீருக்குள் தலைகீழாய் நின்றன.
மிதவை ஒரு தரம்கூட அசையவில்லை.
என்ன அழகான இரவு என்று
சொல்லியே விட்டேன்.

இருபது நாள் கழித்துத் தரவு வந்தது.
வங்காள விரிகுடா முழுவதும் சீராக.
நீரிணை, பரவாயில்லை.
எங்கள் படகு நின்ற இடத்தில் ஒரு வெற்றிடம்.
காரணத்துக்கான கட்டத்தில்
நான் எழுதிய குறி:
அளவுக்கு மீறிய அமைதி.

வாளியைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
அடுத்த சுற்றுக்கு இன்னும் ஆறு நாள்.
ரோஸ்லானுக்குச் செய்தி அனுப்பினேன்:
புதன்கிழமை
காற்று அடிக்குமா?